வெளிய போடாங்க

பாலக்காட்டு எல்லை ஊரான மீனாட்சிபுரத்துக்குள் கோயமுத்தூரைக் கொண்டுவந்து இறக்குவது என்று பிரதீப் முடிவு செய்தபோது யாரும் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம். ஓணத்துக்கு ஊர் நடத்துகிற பரிபாடி என்றால் வழக்கமாக வடம் இழுத்துப் போட்டி போடுவார்கள், உறியடிப்பார்கள், பாயசம் குடிப்பார்கள், கலைந்து போவார்கள். இந்த வருஷம் நாடகம் போடலாம் என்றான். அதுவும் ராஜா ராணி நாடகம் இல்லையாம். பட்டணத்து ஏழைபாழைகளின் அன்றாடப் பிழைப்பு. பார்க்கிறவர்கள் சிரிக்கவும் வேண்டும், சிரித்த வாய் சுடவும் வேண்டும் என்றான். திருச்சூரில் நாடகம் படித்துவிட்டு வந்தவன், தாடி வேறு வைத்திருந்தான். படித்த பையன் சொல்கிறானே என்று கலாசமிதி மொத்தமும் தலையாட்டிவிட்டது.

நாடகத்தின் பெயர் ‘அஞ்சு வீடு, ஒரு குழாய்’. கோயமுத்தூரில் ஒரு லைன் வீடு. ஐந்து குடித்தனங்களுக்கும் ஒரே குழாய், அந்தக் குழாய்க்கும் ஹவுஸ் ஓனர் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார். நடுவீட்டில் சாந்தா குடியிருக்கிறாள். பெரிய ஜவுளிக்கடையில் தரை துடைக்கிறவள். மூன்றாம் காட்சியில் ஹவுஸ் ஓனர் அவள் வீட்டுக்குள்ளேயே வந்து, கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, காலி பண்ணு என்கிறார். சாந்தா பொங்கி எழுகிறாள். ‘இது நான் வாடகை கட்டற ஊடு. வெளிய போடா நாயே!’ ஹவுஸ் ஓனர் எழுந்து ஓடுகிறார். அந்த ஒரு வசனம்தான் நாடகத்தின் உயிர் என்று பிரதீப் நெஞ்சைத் தொட்டுச் சொன்னான்.

சாந்தா வேஷத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது பால் தூக்குப்போசியோடு பின்னால் நின்றிருந்த கோமதி கையைத் தூக்கினாள். தூக்கிய கையைப் பார்த்து மற்றவர்களைவிட அவள்தான் அதிகம் ஆச்சரியப்பட்டாள். சொசைட்டிக்குப் பால் ஊற்ற வந்தவள், கூட்டம் தெரிகிறதே என்று வாயனசாலை என்கிற ஊர்ப் படிப்பகத்துக்குள் எட்டிப்பார்த்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்த வசனத்தைக் காதில் கேட்டதும் அடிவயிற்றில் ஏதோ குளுகுளு என்று ஓடியது. கல்யாணம் ஆகி வந்த நாள்முதல் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கத்தி ஒரு ஆளை வெளியே அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. புருஷன் தங்கதுரையிடம் மட்டும், “நான் நாடகத்துல நடிக்கறனுங்க” என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் சொல்கிற அதே “ம்” ஒன்றைச் சொன்னான். அவனுக்குத் திரை இழுக்கும் வேலை கொடுத்தார்கள். பேச்சு இல்லாத வேலை என்பதால் அவனும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான்.

வினை ஹவுஸ் ஓனர் ரூபத்தில் வந்தது. கலாசமிதித் தலைவர் அர்த்தநாரி, “அந்த வேசத்துக்கு ஒரு கனம் வேணுமப்பா, நானே பண்ணிப்போடறேன்” என்று தாமாகவே அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தலைவரை வேண்டாம் என்று சொல்ல எந்த நாடகக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை போலிருக்கிறது.

அர்த்தநாரி தங்கதுரையின் அண்ணன், கோமதிக்கு மச்சாண்டார். அந்தப் பக்கத்தில் மச்சாண்டாருக்கு எதிரே தம்பி பெண்டாட்டி உட்காரவும் மாட்டாள், நேருக்கு நேர் பேசவும் மாட்டாள். சேதி சொல்ல வேண்டுமானால் சுவரைப் பார்த்தோ கன்றுக்குட்டியைப் பார்த்தோ சொல்லுவாள், அவர் கேட்டுக்கொள்வார். பெயரை வாயால் சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. பஞ்சாயத்து ஆபீஸில் கேட்டால்கூட, “மேக்காலூட்டுக்காரருங்க” என்றுதான் கோமதி சொல்வாள். திருச்செங்கோட்டுக்குப் போனால் மலைமேல் இருக்கிற சாமியின் பெயரும் அதுவாகப் போய்விட்டதே! “மலைமேல இருக்கறவரே, காப்பாத்துங்க” என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். சாமிக்கும் பழகிப்போயிருக்கும்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே கிணறு. மோட்டார் சுவிட்சு மட்டும் மேற்கு வீட்டுச் சுவரில் இருந்தது. பாகம் பிரித்தபோது அப்படி அமைந்துவிட்டது என்று அர்த்தநாரி சொல்வார். அமைத்தவரும் அவர்தான். அவர் தென்னைக்குப் பாய்ந்து, அவர் சாப்பிட்டு, அவர் ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் கிழக்கு வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் வரும். கோமதி அதுவரை சுவர் ஓரமாகக் குடத்தோடு நிற்பாள். இப்போது அதே ஆளைப் பார்த்துப் ‘போடா நாயே’ என்று சொல்ல வேண்டும்.

முதல் ஒத்திகையில் அர்த்தநாரி கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அந்த ஒரு காரியம் அவருக்கு ஒத்திகையே இல்லாமல் வந்தது. கோமதி தாளைப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள், பிறகு தூணைப் பார்த்துக்கொண்டு, “வெளிய போங்க” என்றாள்.

“அக்கா, ‘போடா’ங்கோணும்” என்றான் பிரதீப்.

“வெளிய போடாங்க.”

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. பிரதீப் தலையில் கைவைத்துக்கொண்டான். “ஏனுங்க்கா, நாயைப் போயி யாராச்சும் ‘ங்க’ போட்டுக் கூப்புடுவாங்களா?”

“நாய்க்கு எங்கீங்க தம்பி போட்டேன்? அவருக்குத்தானுங்க போட்டேன்.”

“சாந்தா இப்பக் கோவமா இருக்கறாங்க. அவங்க மரியாதை எல்லாம் பாக்க மாட்டாங்க” என்றான் பிரதீப். இல்லாத சாந்தாவுக்கே அவன் ‘ங்க’ போட்டுத்தான் பேசினான். அவனும் அந்த மண்ணில் பிறந்தவன்தானே.

அர்த்தநாரிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. “உடு பிரதீப்பு, மரியாதை தெரிஞ்ச புள்ளை. வசனத்தை மாத்திப்போடு. ‘ஐயா, கொஞ்சம் அக்கட்டால போறீங்களா’ன்னு கேக்கட்டும். நான் பாத்து எந்திரிச்சுக்கறேன்” என்றார்.

அந்த வாரம் முழுக்க மீனாட்சிபுரத்து டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. டீ குடித்துவிட்டு எழாமல் இருக்கிறவனை, “வெளிய போடாங்க” என்றார்கள். பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கினவனை, “உள்ள போடாங்க” என்றார்கள். கோமதி முக்காடு போடாத குறையாகப் பால் ஊற்றிவிட்டு வந்தாள். பிரதீப்பும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை முழு ஒத்திகைக்குள் ‘போடா’ வரவில்லை என்றால் வேஷம் நிமிக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டான். நல்லவன்தான். ஆனால் நாடகம் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து நாடக வாத்தியார் ஒருவர், ‘மாஷ்’ என்பார்கள், வரப்போகிறார், அவருக்குப் பிடித்தால் பெரிய மேடைக்கு வழி திறக்கும். அவன் பயம் அவனுக்கு.

நிமி பால் சொசைட்டியில் பால் பரிசோதிக்கிறவள். ஊர் சின்னக்கானல், தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். நாடகத்தில் சாந்தாவின் பக்கத்து வீட்டுக்காரியாக வந்து குழாயடியில் சண்டை போடுகிற வேஷம் அவளுக்கு. சாந்தா வேஷத்தில் அவளுக்குத் துளியும் ஆசை இல்லை.

“எனக்கு ஏற்கெனவே இந்த ஊர்ல வாயாடின்னு பேருக்கா. இதுல மெயின் ரோல் வேறயா? நீங்களே பண்ணுங்க, நான் சொல்லித்தாரேன்” என்று கோமதியைச் சொசைட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். “யக்கா, நீங்க மூச்சு விடும்போதே ‘ங்க’ன்னுதான் விடுதீங்க. முதல்ல அதை நிறுத்தணும். எங்க எஸ்டேட்டு லயத்து வீடுகளுக்கும் ஒரே பைப்புதான். காலையில தண்ணி வரும்போது வந்து பாருங்க, ஃபாதரே வந்தாலும் வரிசையிலதான் நிக்கணும். எங்க சொல்லுங்க. ஏலே, வெளிய போல!”

“ஏலே... அது என்ன அம்மிணி, பேரா?”

“பேரு இல்லக்கா. கோவம்.”

கோமதி பழகினாள். தூணைப் பார்த்துப் ‘போடா’ என்றாள். தூண் ஒன்றும் சொல்லவில்லை. தீவனமூட்டையைப் பார்த்துச் சொன்னாள். வீட்டில் காளைக்கன்றைப் பார்த்துச் சொன்னபோது அது மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு மேற்கு வீட்டுப் பக்கம் ஓடியது. பிடிக்கப் போன இடத்தில் ஓரகத்தி மயிலாத்தாள் நின்றிருந்தாள். அர்த்தநாரியின் பெண்டாட்டி. திட்டு விழப்போகிறது என்று கோமதி ஒடுங்கிப்போனாள்.

மயிலாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். “ஏங் கோமதி, நல்லாத் திட்டோணும், தெரிஞ்சுதா? நானும் வந்த நாள்ல இருந்து திட்டோணும் திட்டோணும்னுதான் இருக்கறேன். நான் திட்டுனா அது ஊட்டுச் சண்டை. நீ திட்டுனா கலை” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. மனுசன் கண்ணாடி முன்னால உக்காரத்தான் பழகறாரு. எந்திரிக்கப் பழகறதே இல்லை” என்றாள்.

வெள்ளிக்கிழமை முழு ஒத்திகைக்கு அர்த்தநாரி வரவில்லை. பொள்ளாச்சியில் கல்யாணம், பந்தியைத் தலைவர் தவறவிடுவாரா? ஹவுஸ் ஓனருக்குப் பதிலாகப் பிரதீப்பே கட்டிலில் உட்கார்ந்தான். கோமதி அவன் தாடியைப் பார்த்தாள். வேஷத்தைப் பிடுங்கி நிமிக்குக் கொடுப்பேன் என்று சொன்ன வாய் அந்தத் தாடிக்குள்தான் இருந்தது.

“வெளிய போடா நாயே!”

பிரதீப் கையிலிருந்த தாள்கள் சிதறின. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் தம்மைத்தான் சொல்கிறார்கள் என்று எழுந்து போய்விட்டார். “இதுதானுங்க்கா! இதுதான் சாந்தா!” என்று பிரதீப் குதித்தான். நிமி விசில் அடித்தாள். வேஷம் கோமதிக்கே என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் உட்காரப்போவது யார் என்று நினைத்துப் பார்க்கிற நிதானம் அங்கே யாருக்கும் இல்லை. கோமதிக்கும் வீட்டுக்குப் போகிற வழியில், மேற்கு வீட்டுச் சுவரைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாயனசாலை மைதானம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் பாலக்காட்டு மாஷ் கதர் ஜிப்பாவோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் மயிலாத்தாள் பட்டுச்சேலையில். தங்கதுரை கயிற்றை இழுக்க, கோயமுத்தூர் திறந்தது.

முதல் காட்சி அமர்க்களம். பிரதீப் நிஜம் வேண்டும் என்று குழாயை நிஜ பைப்பிலேயே இணைத்திருந்தான். சொட்டுச் சொட்டாக வடிய வேண்டிய நகரத்துக் குழாய் வாய்க்கால் மதகுபோலப் பீறிட்டு ஐந்து குடித்தனங்களையும் நனைத்துவிட்டது. “எங்களுக்கும் அந்த ஊர்லயே ஒரு ஊடு பாருங்கப்பா” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். கார் ஹாரன் சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் ஒரு மாடு கத்தியது. அது கோமதியின் மாடு என்று ஊருக்கே தெரியும். இரண்டாம் காட்சியில் நிமி பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுதாத வசனமெல்லாம் பேசினாள். சின்னக்கானல் லயத்தின் காலைநேரம் மொத்தமும் இறங்கி வந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

மூன்றாம் காட்சி. லுங்கியும் பனியனும் போடச் சொல்லியிருந்த ஹவுஸ் ஓனர் ஜரிகை வேட்டி, சலவைச் சட்டை, விபூதிப் பட்டையோடு நுழைந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். கால்மேல் கால் ஏறியது. “காலி பண்ணு” என்றார். கைதட்டல் கேட்டது.

கோமதி மூச்சை இழுத்தாள். பக்கத் தட்டிக்குப் பின்னால் நிமி வாயசைத்துக் காட்டினாள். கோமதிக்குத் தொண்டைவரை வந்தது. தூணைத் தேடினாள், மேடையில் தூண் இல்லை. எங்கே திரும்பினாலும் மச்சாண்டாரின் முகம்தான் இருந்தது.

“இது நான் வாடகை கட்டற ஊடு. வெளிய... போங்க.”

“போடாங்க!” என்று இளவட்டங்கள் பின்வரிசையிலிருந்து எடுத்துக்கொடுத்தார்கள். மைதானம் சிரித்து உருண்டது. கோமதிக்குக் காது எரிந்தது. அழுகை முட்டியது. ஆசை ஆசையாகக் கைதூக்கி வாங்கிய வேஷம் இப்படி ஊர் சிரிக்கவா என்று இருந்தது.

‘போங்க’ என்றாலும் அந்த இடத்தில் ஹவுஸ் ஓனர் எழுந்து போயாக வேண்டும், அடுத்த காட்சி காத்திருக்கிறது. அர்த்தநாரி எழவில்லை. ஊர் முன்னால், ஒரு பெண்பிள்ளை சொல்லி, தலைவர் எழுந்து போவதா? தலையணையை இழுத்து முட்டுக்கொடுத்துச் சாய்ந்துகொண்டார்.

“போகாட்டி என்ன பண்ணுவே?” என்றார். தாளில் இல்லாத வசனம். இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். விசில் கேட்டதும் அவருக்கு இன்னும் உற்சாகம் ஊறியது. “போயிக் கொஞ்சம் காப்பித்தண்ணி கொண்டா அம்மிணி” என்றார். தட்டிக்குப் பின்னால் பிரதீப் எழுந்திரிங்க எழுந்திரிங்க என்று கையால் கெஞ்சினான். அவர் பார்த்தால்தானே? கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சொன்னார்.

“தண்ணி வேணும்னா மோட்டாரு சுச்சு என்ற ஊட்டுச் செவுத்துலதான் இருக்குது. மறந்துபோச்சா?”

சாந்தா வீட்டில் மோட்டார் ஏது? அவள் வீட்டில் குழாய்தானே! விஷயம் தெரிந்த ஊர் ஒரு கணம் ‘ஹா’ என்றது, பிறகு முன்னைவிடச் சத்தமாகச் சிரித்தது. கோமதிக்கு அந்தச் சிரிப்பு தூரத்தில் கேட்டது. கோயமுத்தூர் காணாமல் போயிற்று. லைன் வீடும் சாந்தாவும் போனார்கள். அவள் மேற்கு வீட்டுச் சுவர் ஓரமாகக் குடத்தோடு நின்றிருந்தாள். கோடை வெயில், தொட்டி காய்ந்து கிடக்கிறது, மாடுகள் நாக்கைத் தொங்கப்போட்டுக் கத்துகின்றன, உள்ளே இந்த மனுஷன் குறட்டை விடுகிறார். அத்தனை வருஷமும் வராத கோபம் மொத்தமாக வந்தது. நிமி சொல்லிக்கொடுத்த ‘ஏலே’கூடப் பற்றாத கோபம். அவள் ஒரு எட்டு முன்னால் வைத்து, முதல்முறையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“அர்த்தநாரி.”

கத்தவில்லை. சாதாரணக் குரலில்தான் சொன்னாள். ஆனால் மைக் எதிரே இருந்தது. பெயருக்குப் பின்னால் மாமா இல்லை, ‘ங்க’ இல்லை, ஒன்றுமே இல்லை. சிரித்துக்கொண்டிருந்த மைதானம் அப்படியே அடங்கிப்போயிற்று.

“எந்திரி. வெளிய போ.”

பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிட்ட பையன் மாதிரி அர்த்தநாரி விசுக்கென்று எழுந்து நின்றார். எழுந்தது அவருக்கே தெரிந்ததா என்பது சந்தேகம். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல், வாசல் எது என்று தெரியாமல், பிரதீப் ராப்பகலாக வரைந்து வைத்திருந்த ஜன்னலைக் கிழித்துக்கொண்டு வெளியே போனார்.

“ஆராணு ஈ அர்த்தநாரி?” யார் அந்த ஆள் என்று புரியாமல் மாஷ் மெதுவாகக் கேட்டார். பக்கத்தில் மயிலாத்தாள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். வளையல் உடைந்து தெறிக்கிற மாதிரித் தட்டினாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குக் கை இருப்பது நினைவு வந்தது. அந்தச் சத்தத்தில் தங்கதுரை திரையை மூடினான்.

திரைக்கு இந்தப் பக்கம் கோமதி அவர் விட்டுப்போன செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிட்டேனே, சொல்லிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. நாளைக்கு எந்த முகத்தோடு கிணற்றடிக்குப் போவது என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு நடுவிலேயே அவளுக்கு எதற்கோ சிரிப்பும் வந்தது. நிமி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிரதீப் அழாத குறையாக நின்றான். “ஹவுஸ் ஓனர் பேரு செல்வராசுங்க்கா” என்றான்.

கடைசிக் காட்சி பாக்கி இருந்தது. நகரத்தில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து ஹவுஸ் ஓனரின் தொட்டியும் காய்ந்துவிட, லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிற சாந்தாவின் வாசலில் அவரே வாளியோடு வந்து நிற்க வேண்டும். ‘கதவைத் தொறடி’ என்று அவர் அதட்ட வேண்டும், அவள் உடனே மனம் இரங்கித் திறந்து ஊற்ற வேண்டும். மனிதநேயம் என்று பிரதீப் அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தான். ஆனால் மேடைக்குப் பின்னால் அர்த்தநாரி ஒரு டிரம்மின்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார், யார் கூப்பிட்டும் நிமிரவில்லை. இனி அவர் வரமாட்டார், நாடகம் இதோடு முடிந்தது என்றுதான் கோமதி நினைத்தாள். அப்போது மயிலாத்தாள் முன்வரிசையிலிருந்து எழுந்து சுற்றிக்கொண்டு அங்கே போனது தெரிந்தது. “எந்திரிங்க, உங்க பாகம் வந்துருச்சு” என்ற அவள் குரலும், வாளியின் கைப்பிடி கிணுக்கென்று விழுந்த சத்தமும் கேட்டன.

திரை விலகியது. கோமதி உள்ளே நின்றிருந்தாள். கதவு தட்டப்பட்டது. மெதுவாக, விரல்முட்டியால்.

அதட்டல் வரவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே பழக்கமான அந்தக் கனத்த குரல் கேட்டது.

“ஏனுங்க... கொஞ்சம் தண்ணி வேணுமுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. கோமதி கதவைப் பார்த்தாள். அட்டைக் கதவு, ஒரு விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். இந்தப் பக்கம் குடம் நிறையத் தண்ணீர். அந்தப் பக்கம் அர்த்தநாரி வாளியோடு. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் வெளியே நிற்கிறார், அவள் உள்ளே இருக்கிறாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. வெட்கமே இல்லாமல் பிடித்திருந்தது.

“இருங்க, கைவேலையா இருக்கறேன்” என்றாள்.

மரியாதை தானாக வந்துவிடவில்லை, இந்த முறை அவள் பார்த்துக் கொடுத்தாள். பிறகு போய்க் கட்டிலில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்து உதறினாள். தட்டி ஓரத்தில் பிரதீப் தாளைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். தங்கதுரை கயிற்றைக் கையில் பிடித்தபடி, இழுக்கட்டுமா என்று கண்ணால் கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். “ம்” என்றான் அவன். ஊர் மொத்தமும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. கோமதிக்கு அவசரம் ஒன்றும் இல்லை.